அண்ணன் எழுதிய பரீட்சை

எங்கள் கல்லூரியில் செய்முறைத் தேர்வுக்கு ஹால் டிக்கெட்டோடு ஓர் ஆளையும் அழைத்துக்கொண்டு போக வேண்டும். வேதியியல் படிக்கிறவர்களுக்கு உப்பையும் அமிலத்தையும் கல்லூரியே கொடுத்துவிடும். விலங்கியல்காரர்களுக்கும் ஒரு கரப்பான்பூச்சியாவது கிடைத்துவிடும். உளவியல் படித்த நாங்கள்தான் சோதனைக்கு வேண்டிய மனிதரை வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டும். அந்த மனிதரை சப்ஜெக்ட் என்று சொல்வோம். அவரை ஒரு காரியம் செய்யச் சொல்லி, அவருக்கு ஆகும் நேரத்தையும் அவர் செய்யும் பிழைகளையும் குறித்து, வரைபடம் போட்டு, விளக்கம் எழுதி, வெளியிலிருந்து வரும் தேர்வாளரிடம் காட்ட வேண்டும்.

நான் அழைத்துப்போனது என் அண்ணனை. இத்தனை வருஷம் கழித்து அதை நினைத்தாலும் அண்ணன் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. அந்தத் தேர்வாளர் மேல் வந்தாலாவது மனசு ஆறும், அதுவும் வருவதில்லை. வருத்தம்தான் வருகிறது.

தி. நகரில் ரங்கநாதன் தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில் எங்களுக்குப் பாத்திரக் கடை. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து அப்பா வந்து போட்ட கடை. அண்ணன் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது அப்பாவுக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பரீட்சைக்குப் போக வேண்டிய அண்ணன் கடைக்குப் போய்க் கல்லாவில் உட்கார்ந்தார். அப்புறம் அந்த நாற்காலி அவரை விடவில்லை. நான் அவருக்கு ரொம்ப இளையவள், அப்போது சின்னப் பிள்ளை. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அண்ணன்தான் வீட்டுக்குப் பெரியவர். பள்ளிக்கூடத்தில் அப்பா கையெழுத்து கேட்டால் அண்ணன்தான் வந்து போடுவார். போட்டுவிட்டு வகுப்பை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவார்.

அப்பா படுத்த பிறகு பேச்சும் குழறிப்போயிற்று. வீட்டில் எல்லாரும் அவருக்கு எல்லாமே போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டோம். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். நான் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போது ஆஸ்பத்திரியில் ஒரு பெண்மணி அவரைப் பரிசோதித்தார். ஸ்டெதஸ்கோப் இல்லை, ஊசி இல்லை. சில படங்கள், மரக்கட்டைகள், ஒரு ஸ்டாப் வாட்ச், அவ்வளவுதான். அப்பாவோடு மேஜைக்கு அந்தப் பக்கம் பொறுமையாக உட்கார்ந்திருந்து, கடைசியில் எங்களிடம் வந்து, "உங்க அப்பாவுக்கு நீங்க பேசறது எல்லாமே புரியுதும்மா. பதில் சொல்ற வழிதான் அடைஞ்சிருக்கு. அவர் முன்னாடி எதையும் பேசிடாதீங்க," என்றார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் முன்னால் நாங்கள் என்னவெல்லாம் பேசியிருந்தோம்! அன்றைக்கு நான் முடிவு செய்தேன், அந்த மேஜைக்கு அந்தப் பக்கத்து நாற்காலியில் ஒருநாள் உட்கார வேண்டும் என்று.

உளவியல் என்று நான் சொன்னதும் அண்ணன் சந்தோஷமாகிவிட்டார். கடைக்கு வருகிற வாடிக்கையாளர்களிடமெல்லாம், "தங்கச்சி மனசைப் படிக்கிற படிப்பு படிக்கா," என்று சொல்லிவிட்டார். இட்லிக் கொப்பரை வாங்க வந்த ஓர் அம்மாள் என்னைப் பிடித்து நிறுத்தி, "எங்க, என் மனசுல இப்ப என்ன இருக்கு, சொல்லு பாப்போம்," என்றாள். "விலையைக் குறைக்கச் சொல்லணும்னு இருக்கு," என்றேன். அம்மாள் அசந்துபோனாள். அண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை, ஆனால் விலையைக் குறைக்கவில்லை.

மற்றவர்களைச் சொல்வானேன், எனக்கே அப்படி ஒரு ஆசை இருந்தது. ஆளைப் பார்த்ததும் உள்ளே இருப்பதைச் சொல்லிவிடலாம் என்று நம்பித்தான் முதல் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். எங்கள் பேராசிரியை கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு கோடுகள் போட்டார். மேல்கோட்டின் முனைகளில் அம்புக்குறி உள்நோக்கி மடங்கியிருந்தது, கீழ்க்கோட்டில் வெளிநோக்கி விரிந்திருந்தது. எது நீளம் என்று கேட்டார். விரிந்த முனைகள் உள்ளதுதான் என்று வகுப்பே சொன்னது. ஸ்கேல் வைத்து அளந்து காட்டினார். இரண்டும் ஒரே நீளம். "இப்பத் தெரிஞ்சுபோச்சு இல்ல? இனிமே சமமாத் தெரியுதா?" என்று கேட்டார். தெரியவில்லை. அளந்து பார்த்த பின்னும் கீழ்க்கோடு நீளமாகத்தான் தெரிந்தது. "இதுதான் உங்க பாடம். கண்ணு சொல்றதை நம்பிடாதீங்க. உங்க மனசு சொல்றதை அதைவிடக் கம்மியா நம்புங்க. அளந்து பாருங்க," என்றார்.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. மனசைப் படிக்கலாம் என்று வந்தால் ஸ்கேலையும் ஸ்டாப் கிளாக்கையும் கையில் கொடுக்கிறார்களே என்று எரிச்சல்கூட வந்தது. போகப் போகத்தான் பிடித்தது. யாருடைய உள்ளத்துக்குள்ளும் நாம் நுழைந்து பார்க்க முடியாது. அவர் செய்வதைத்தான் பார்க்க முடியும், எண்ண முடியும், இன்னொருவர் செய்வதோடு ஒப்பிட முடியும். ஒரு பட்டியலை மனப்பாடம் செய்ய ஒருவருக்கு எத்தனை தடவை ஆகிறது, விளக்கு எரிந்ததும் பொத்தானை அழுத்த எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்துகொண்டே போனால், கண்ணுக்குத் தெரியாத ஒன்று ஓரளவு பிடிபடும். அவ்வளவு அடக்கமான படிப்பு அது. அதற்குமேல் தெரியும் என்று சொல்கிறவர்களிடம் எனக்கு இன்றைக்கும் ஓர் அவநம்பிக்கை உண்டு.

அளப்பதற்கு என்று சில ஒழுங்குகள் இருந்தன. எல்லா சப்ஜெக்டுக்கும் ஒரே வார்த்தையில்தான் விளக்கம் சொல்ல வேண்டும். நடுவில் பேசக் கூடாது. முக்கியமாக 'சபாஷ்' 'நல்லா பண்றீங்க' என்றெல்லாம் சொல்லிவிடக் கூடாது, முகத்தில்கூடக் காட்டக் கூடாது, அது அடுத்த முறையைப் பாதிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, வருகிறவருக்குச் சோதனை என்னவென்று முன்கூட்டித் தெரிந்திருக்கக் கூடாது. தெரியாமல் வந்து, தடுமாறி, மெல்ல மெல்லக் கற்றுக்கொள்வதைத்தான் நாங்கள் பார்க்க வேண்டும். சுருக்கமாகச் சொன்னால், எங்களுக்கு வேண்டியது அவருடைய தவறுகள்தான்.

இந்தக் கடைசி விஷயம் எங்கள் வீட்டில் யாருக்கும் புரியவில்லை. புரியும்படி நான் சொல்லவும் இல்லை.

மூன்றாம் வருஷம், செய்முறைத் தேர்வுக்கு ஒரு மாசம் இருந்தபோது, ராத்திரிச் சாப்பாட்டின்போது அண்ணன் கேட்டார், "நாளப்பின்ன நான் வந்து உக்காந்தா என்னட்டி கேப்பாவ?" என்று. கேள்வி எதுவும் கேட்க மாட்டார்கள், ஏதாவது செய்யச் சொல்வார்கள் என்றேன். எதைச் செய்யச் சொல்வோம் என்பது அன்றைக்குச் சீட்டு எடுத்தால்தான் தெரியும். சொல்லக் கூடாது என்று தெரிந்தும், அவர் மறுபடி மறுபடி கேட்டதால், ஒன்றே ஒன்றை மட்டும் வேடிக்கைக்குச் சொன்னேன். நட்சத்திரம் ஒன்று இரட்டைக் கோட்டில் அச்சடித்திருக்கும். அந்த இரண்டு கோடுகளுக்கு நடுவில் பென்சிலால் சுற்றி வர வேண்டும், கோட்டைத் தொடக் கூடாது. ஆனால் தாளையும் கையையும் நேராகப் பார்க்க முடியாதபடி ஒரு தகடு மறைத்திருக்கும். எதிரில் நிற்கும் கண்ணாடியில் பார்த்துத்தான் போட வேண்டும். "மேல போகணும்னு நினைச்சா கை கீழ போகும் அண்ணே. கலெக்டரே வந்தாலும் முதல் தடவை கோணலாத்தான் போடுவார்," என்று சொல்லிச் சிரித்தேன். அண்ணியும் சிரித்தாள். அண்ணன் சிரிக்கவில்லை, சாதத்தைப் பிசைந்துகொண்டே, "எல்லாருமா கோணலாப் போடுவாவ?" என்று மட்டும் கேட்டார்.

தேர்வன்று காலையில் அண்ணன் புதுச்சட்டை போட்டிருந்தார். சட்டைப்பையில் புதுப் பேனா, கூடவே ஒரு பென்சிலும். மந்தைவெளியில் நாங்கள் குடியிருந்த தெருமுனைப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் ஆட்டோவில் ஏறினார். பரீட்சை எனக்கா அவருக்கா என்று கிண்டல் செய்தேன். "ரெண்டு பேருக்கும்தாம்ட்டி," என்றார்.

கல்லூரித் தாழ்வாரத்தில் பெஞ்சு போட்டு சப்ஜெக்டுகளை வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். அம்மாமார்கள், தம்பிகள், யாருடைய மாமியாரோ ஒருவர். விடுதிப் பெண்களுக்கு ஆள் கிடைப்பது எப்போதும் திண்டாட்டம்தான். ஒருத்தி வாசலில் நின்ற ஆட்டோக்காரரையே பேசி அழைத்து வந்திருந்தாள். அவர் அண்ணனுக்குப் பக்கத்தில் காக்கிச் சட்டையோடு உட்கார்ந்து, "இன்னா நைனா, உள்ள இன்னா பண்ணுவாங்கோ? கரண்டு கிரண்டு வைப்பாங்களா?" என்று கேட்டார். அண்ணன் காலை ஆட்டியபடி, "பயப்படாதீங்க. ஒரு பழக்கம்தான், வேறொண்ணுமில்ல," என்றார். அதை நான் காதில் வாங்கினேன். வாங்கியும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

சீட்டில் எனக்கு வந்தது கண்ணாடி நட்சத்திரம்தான். எனக்கு உள்ளூர நிம்மதி. ஏமாற்றாத சோதனை அது. அண்ணனிடம் ஒருமுறை சொல்லியிருந்தேன்தான், ஆனால் கேட்டதால் மட்டும் யாருக்கும் கை பழகிவிடாது. முதல் முறை நேரமும் பிழையும் மலைபோல் இருக்கும். அடுத்தடுத்த முறைகளில் இறங்கிக்கொண்டே வரும். வரைபடம் போட்டால் சறுக்குமரம்போல அழகாக ஒரு கோடு கிடைக்கும். அதுதான் கற்றலின் வளைகோடு. அதை வைத்து விளக்கம் எழுதிவிட்டால் மார்க்கு நிச்சயம். எனக்கு அந்த மார்க்கு வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் அப்பாவைப் பரிசோதித்த பெண்மணி படித்த மேற்படிப்புக்கு முதல் வகுப்பு இல்லாமல் விண்ணப்பிக்கவே முடியாது. எழுத்துத் தேர்வுகளில் நான் விளிம்பில் நின்றுகொண்டிருந்தேன்.

அண்ணனை உட்கார வைத்து, மனப்பாடமாக இருந்த விளக்கத்தை வார்த்தை பிசகாமல் சொன்னேன். 'ரெடி, ஸ்டார்ட்' என்றேன். அண்ணன் கண்ணாடியைப் பார்த்தார். பென்சிலை வைத்தார். செக்கில் கையெழுத்துப் போடுவதுபோல நட்சத்திரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பென்சிலை எடுத்துவிட்டார்.

கடிகாரத்தை நிறுத்தவே எனக்குத் தோன்றவில்லை, தாமதமாகத்தான் அழுத்தினேன். தாளில் ஒரு பிழைகூட இல்லை. இரண்டாவது தாளை வைத்தேன். அதே நேரம், அதே சுத்தம். மூன்றாவதும் அப்படியே. ஒவ்வொரு தாளையும் முடித்ததும் அண்ணன் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் சிலேட்டை நீட்டிவிட்டு டீச்சர் முகத்தை நாங்கள் எல்லாரும் அப்படித்தான் பார்த்திருப்போம். முகத்தில் எதையும் காட்டக் கூடாது என்பது விதி. நான் ஸ்டாப் கிளாக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சோதனை முடிந்ததும் சப்ஜெக்டின் அனுபவத்தைக் கேட்டு எழுத வேண்டும். செய்யும்போது உங்களுக்கு எப்படி இருந்தது என்று கேட்டேன். "கஷ்டமாவே இல்லம்மா," என்றார், பக்கத்து மேஜைக்கும் கேட்கிற குரலில். 'ட்டி' போய் 'அம்மா' வந்திருந்தது, வந்த இடத்து மரியாதைக்காக. அதை அப்படியே எழுதிக்கொண்டேன்.

வரைபடத்தில் சறுக்குமரம் இல்லை. தரையோடு தரையாக ஒரு நேர்க்கோடுதான் இருந்தது. தேர்வாளர் வயதானவர், சாந்தமான மனிதர். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏம்மா, உன் சப்ஜெக்ட் இதை முன்னாடியே செஞ்சு பார்த்திருக்காரா?" என்று கேட்டார். நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் உடனே எழுந்து நின்று, "இல்லவே இல்ல சார். இன்னைக்குத்தான் மொத மொத பாக்கேன்," என்று தலையை ஆட்டினார். கடையில், 'இதுக்கு மேல குறையாதும்மா, கட்டுப்படியாகாது,' என்று சொல்லும்போது ஆட்டுகிற அதே தலை. அந்த நொடியில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"அப்படின்னா கற்றல் எங்கம்மா? வளைகோடு எங்க? என்ன காரணம்னு விளக்கம் சொல்லு," என்றார் தேர்வாளர்.

காரணம் என் எதிரில் புதுச்சட்டையோடு நின்றுகொண்டிருந்தது. கல்லூரிக்குள் முதல்முதலாகக் காலடி வைத்த மனிதர். படித்தவர்கள் நிறைந்த அந்த அறையில், 'இவர் பொய் சொல்கிறார் சார்' என்று நான் எப்படிச் சொல்வேன்? "தெரியலை சார்," என்றேன். அவர் தாளை மேஜையில் வைத்தார். எண்களை நானே எழுதிக்கொண்டேன் என்று நினைத்தாரோ, வீட்டில் ஒத்திகை பார்த்து அழைத்து வந்தேன் என்று நினைத்தாரோ. பாஸ் மார்க்கு போட்டார், அதற்கு மேல் ஒன்றும் போடவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

அன்று சாயங்காலம் அடுப்படியில் அண்ணி குரலைத் தாழ்த்திச் சொன்னாள், "நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க. உங்க அண்ணன் ஒரு மாசமா மத்தியானம் கடையில கூட்டம் இல்லாத நேரம் பாத்து, நல்லா மினுங்குற எவர்சில்வர் தாம்பாளம் ஒண்ணை நிமித்தி வச்சுக்கிட்டு, அட்டைப்பெட்டியால கையை மறைச்சுக்கிட்டு நட்சத்திரமா போட்டுக்கிட்டு இருந்தாவ. கை கோணுதுன்னு ஒருநா சாப்பிடக்கூட இல்ல." எனக்கு அழுகை வந்தது, வெங்காயம் நறுக்குவதாகச் சொல்லிச் சமாளித்தேன்.

அண்ணன் செய்தது எங்கள் ஆட்களில் யாரும் செய்யக்கூடியதுதான். சோதனை என்று ஒன்று வந்துவிட்டால் அதில் தேற வேண்டும், தேறுவதற்கு மாய்ந்து மாய்ந்து பழக வேண்டும். தோற்றுக் காட்டச் சொல்லி ஒரு படிப்பு இருக்கும் என்று யார் நினைப்பார்கள்? எல்லாரும் கோணலாகப் போடுவார்கள் என்று நான் சொன்னதை, 'என் தங்கைக்காக நான் நேராகப் போடுவேன்' என்று அவர் எடுத்துக்கொண்டார். வினாத்தாள் தெரிந்தது வெளியே தெரிந்தால் என்னை அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து பொய்யும் சொன்னார்.

முதல் வகுப்பு கொஞ்சத்தில் தவறிப்போயிற்று. மேற்படிப்புக்கு விண்ணப்பம்கூடப் போட முடியவில்லை. மறுபடி எழுதி மார்க்கைக் கூட்டலாம் என்றார்கள். 'அடுத்த வருஷம் நானே திரும்ப வாரேன்,' என்றார் அண்ணன். அவர் வந்தாலும் கஷ்டம், வேண்டாம் என்று சொன்னாலும் கஷ்டம். காரணத்தைச் சொல்லாமல் அவரை எப்படித் தவிர்ப்பது? யோசித்துக்கொண்டே இருந்தேன், அதற்குள் நல்ல இடம் என்று ஒரு வரன் வந்தது. கல்யாணம், பிள்ளை, பள்ளிக்கூடம் என்று நாட்கள் போயின. குறை சொல்ல ஒன்றுமில்லை, நல்ல வாழ்க்கைதான். ஆனால் இப்போது நான் வேலை பார்ப்பது அடையாறில் ஒரு மனநல ஆலோசனை மையத்தில், வரவேற்பு மேஜையில். வருகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுப்பேன், தண்ணீர் கொடுப்பேன், முறை வந்ததும் கதவைத் திறந்து உள்ளே அனுப்புவேன். கதவு மூடுவதற்கு முன், மேஜையும் அந்தப் பக்கத்து நாற்காலியும் தெரியும். தினமும் பார்க்கிறேன். தினமும் வலிக்கிறது என்று சொன்னால் பொய். சில நாள் கதவை மூட நேரமாகிறது.

எனக்கு மார்க்கு ஏன் குறைந்தது என்பது அண்ணனுக்கு இன்றுவரை புரியவில்லை. கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்களைக் கூட்டி வைத்துச் சொல்வார், "நம்ம பக்கம் ஒரு தப்பு இல்ல கேட்டியளா. நான் போட்ட நட்சத்திரத்தை அச்சுல போடலாம். மார்க்குப் போட வந்த ஆளு சரியில்ல." நான் பக்கத்தில் நின்று சிரிப்பேன். அதையும் செய்து பழகிவிட்டேன்.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணன் வீட்டில் சாப்பாடு. அண்ணனின் இளைய மகள் இப்போது உளவியல் முதல் வருஷம் படிக்கிறாள். நான் தூண்டவில்லை, தானாகவே எடுத்தாள். கல்லூரி இல்லாத நாளில் கோட்டூர்புரத்துப் பெரிய நூலகத்தில் உட்கார்ந்துவிட்டு வந்து, அங்கே படித்ததையெல்லாம் எனக்குச் சொல்வாள். அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு, முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை நிறுத்தி, செருப்புப் பெட்டி மூடியால் மறைப்புக் கட்டிக்கொண்டிருந்தாள். அடியில் இரட்டைக் கோட்டு நட்சத்திரம். வகுப்புக்கு முன்னால் யாரையாவது வைத்துச் செய்து பார்க்க வேண்டுமாம்.

எனக்குக் கை ஈரம் காயவில்லை. கொடியில் துண்டைத் தேடுகிற சாக்கில் நகரப் பார்த்தேன். அதற்குள் அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "அதக் கொண்டா இங்க. இதுல நான் பெரிய ஆளாக்கும்," என்றார்.

அவருக்கு முடி முழுக்க நரைத்துவிட்டது. கல்லாவில் இப்போது மூத்த மகளைக் கட்டிய மருமகன் உட்காருகிறார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பென்சிலை எடுத்தார். ஒரு சுற்று. கோட்டைத் தொடவில்லை. இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூடச் செய்யாத வேலை, கை அப்படியே வைத்திருந்தது.

அண்ணன் மகள் வாயைப் பிளந்தாள். "அப்பா, இத எங்க கத்துக்கிட்டீங்க?"

அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். "இனிமே சொன்னா ஒண்ணுமில்லல்லா? ஒங்க அத்தை பரீட்சைக்காகக் கடையில ஒரு மாசம் தாம்பாளத்தை வச்சுப் பழகினேன். அவளுக்கே தெரியாது. தெரிஞ்சா பயந்துருவான்னு சொல்லல." மகள் பக்கம் திரும்பி, "நான் பத்தாங்கிளாஸ் பரீட்சை எழுதல பாத்துக்க. அதுக்குப் பொறவு என்னைய யாரும் ஒரு பரீட்சைக்கும் கூப்பிடல. நான் எழுதின ஒரே பரீட்சை அதான். நல்லா எழுதினேன்," என்றார்.

அண்ணன் மகளின் முகம் மாறியது. படிக்கிற பெண், என் மார்க்கு போன காரணத்தை உடனே விளங்கிக்கொண்டாள். மெல்ல என் பக்கம் திரும்பினாள். நான் கண்ணாலேயே வேண்டாம் என்றேன். அவள் புதுத் தாள் ஒன்றை எடுத்து வைத்தாள். அவரிடம், "அப்பா, பென்சிலை இடது கைக்கு மாத்துங்க," என்றாள்.

"எடது கையா? அதுல நான் பழகலையேம்மா," என்றார் அண்ணன். நிஜமாகவே பயந்துவிட்டார்.

போட்டார். பென்சில் போன தடம் கொஞ்சம் நெளிந்தது, ஒரு மூலையில் கோட்டைத் தொட்டது, அவ்வளவுதான். பழகவே பழகாத கை அது. வலது கை கற்றதை இடது கை எடுத்துக்கொண்டிருந்தது. ஒரு கைக்குக் கிடைத்த பயிற்சி மறு கைக்கும் போய்ச் சேரும் என்று எங்கள் பாடத்திலேயே இருந்தது, நான் நெட்டுருப் போட்டு எழுதியிருக்கிறேன். அன்றைக்கு என் மூளைக்கு எட்டாதது அந்தப் பெண்ணுக்கு ஒரு நிமிஷத்தில் எட்டிவிட்டது. எனக்குச் சறுக்குமரம் வேண்டியிருந்தது, அது வரவில்லை என்றதும் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். வராதது ஏன் என்று ஆசையாகப் பார்க்கிறவர்தான் இந்தப் படிப்பைப் படிக்க வேண்டியவர். 'சார், இன்னொரு தாள் கொடுங்கள், இடது கையால் போடச் சொல்லிப் பார்க்கிறேன்,' என்று கேட்டிருந்தால் போதும். கற்றல் எங்கே என்ற கேள்விக்கு அந்த இடது கையே பதில் சொல்லியிருக்கும், யாரையும் பொய்யர் ஆக்காமலே உண்மை தானாக வெளியே வந்திருக்கும். அதைவிட, செய்யும்போது எப்படி இருந்தது என்று அன்றைக்கு நான் விதிக்காகக் கேட்காமல் நிஜமாகவே கேட்டிருந்தால், அவருக்கு அது பத்தாம் வகுப்புப் பரீட்சை என்பதும் அன்றே எனக்குத் தெரிந்திருக்கும். ஒரு மனிதரைச் சரியாகப் பார்க்கச் சொல்லிக் கொடுக்கிற படிப்பை மூன்று வருஷம் படித்துவிட்டு, எதிரில் இருந்தவரை நான் பார்க்கவில்லை. இதை எழுதும்போதும் மனசு கனக்கிறது.

அண்ணன் தாளிலிருந்து நிமிர்ந்தார். மகளைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தார். சிலேட்டை நீட்டிய அதே பார்வை.

"நல்லாப் போட்டிருக்கீங்க அண்ணே," என்றேன். "அன்னைக்கும் நல்லாத்தான் போட்டீங்க. ஒரு தப்புகூட இல்ல."

அவர் முகம் மலர்ந்ததை நான் எப்படி எழுதுவது? அப்புறம் மெல்ல அது சுருங்கியது. "பொறவு எப்படிட்டி ஒனக்கு மார்க்கு இல்லாமப் போச்சு?"

"மார்க்குப் போட வந்தவர் ஒரு கேள்வி கேட்டார். நான் பதில் சொல்லல."

"பதில் தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?" அண்ணனுக்குக் கோபமே வந்துவிட்டது. "இவ்வளவு படிச்ச பிள்ள, ஒரு பதிலைச் சொல்றதுக்கு என்னட்டி?"

அன்றைக்கு உட்கார்ந்த மாதிரியே எனக்கு நேர் எதிரில் உட்கார்ந்திருந்தார். கையில் பென்சில் இருந்தது. அண்ணன் மகள் தலையைக் குனிந்துகொண்டு தாள்களை அடுக்க ஆரம்பித்தாள். இந்த முறையும் நான் பதில் சொல்லவில்லை.